அட்மின் என்னும் பதவி

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு தெருவின் பொதுக்காரியங்கள் இன்று எங்கே நடைபெறுகின்றன என்று கேட்டால், குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயர்ப்பலகை தொங்கும் அந்தச் சிறு கட்டடத்தில்தான் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். மெட்ரோ வாட்டர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்பதிலிருந்து, மின்வாரியத்தார் எந்தப் பக்கம் தோண்டுகிறார்கள், தெருவிளக்கு எரியாததை யாரிடம் முறையிடுவது, பராமரிப்புப் பணத்தை இன்னும் செலுத்தாதவர் யார் என்பது ஈறாக, கலைமகள் நகரிலும் அம்பாள் நகரிலும் குடியிருப்பவர்களின் கூட்டு வாழ்க்கை முழுவதும் வாட்ஸ்அப் குழுக்களுக்குள் குடிபுகுந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதில் எனக்கு ஆட்சேபம் எதுவுமில்லை. என் கவலை வேறு. சங்கத்திற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று முறைப்படி தேர்ந்தெடுக்கிறோம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் அவர்களுடைய பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்போகலாகாது என்று வரையறுத்திருக்கிறது. வரவு செலவுக்குக் கணக்கும், கூட்டத்திற்கு நடவடிக்கைக் குறிப்பேடும் கேட்கிறது. ஆனால் அந்தச் சங்கத்தின் குரலாகவே ஆகிவிட்ட குழுவில் ஒருவரைச் சேர்க்கவும், நீக்கவும், பேசவொட்டாமல் செய்யவும் அதிகாரம் படைத்த அட்மின் என்னும் பதவிக்கு மட்டும், என்றோ ஒருநாள் முதலில் பொத்தானை அழுத்தியவர் அவர் என்பதற்கு மேல் வேறு எந்த யோக்கியதையையும் நாம் கேட்பதில்லை.

இந்தப் பகுதியின் குழுக்கள் பலவற்றுக்கு 2015 டிசம்பர் மாதமே பிறந்த மாதம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் டிசம்பர் முதல் தேதி இரவில் அடையாற்றை நிரப்பிக் கரைமீறிப் புகுந்தபோது, ஆற்றங்கரையிலேயே அமைந்த ஈக்காட்டுத்தாங்கலின் தாழ்வான தெருக்களில் தரைத்தளம் முழுகிற்று. மின்சாரம் இல்லை; தொலைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஊமையாயின; உயிரோடிருந்த சில கைபேசிகளின் வழியாகத்தான் படகு எங்கே வருகிறது, பால் எங்கே கிடைக்கிறது, எந்த வீட்டு மாடியில் முதியோர் சிக்கியிருக்கிறார்கள் என்ற செய்திகள் பரவின. அந்நாளில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் 100 பேருக்கு மேல் இருக்க முடியாது; 2016 பிப்ரவரியில் அது 256 ஆயிற்று, 2022-இல் 512 ஆகி அதே ஆண்டின் இறுதிக்குள் 1024 ஆயிற்று. ஆகவே ஒரு தெருவுக்கு ஒரு குழு, அது நிரம்பியதும் மற்றொரு குழு என்று அவசரத்தில் முளைத்தவை இவை. உதவிச் செய்திகளோடு புளுகுகளும் கலந்தே வந்தன. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமே வரலாறு காணாத மழையை முன்னறிவித்துவிட்டது என்றும் பரவிய வதந்திகளை அவ்விரு ஸ்தாபனங்களைச் சேர்ந்தவர்களும் பகிரங்கமாக மறுக்க வேண்டியதாயிற்று. அப்போது அட்மினாயிருந்தவருக்கு அத்தகைய ஒரு வரியை அழிக்கும் அதிகாரமே கிடையாது. அனுப்பியவரை வெளியேற்றலாம், அனுப்பியது எல்லாருடைய கைபேசியிலும் அப்படியே நிற்கும்.

வெள்ளம் வடிந்தது, குழுக்கள் வடியவில்லை. ஆபத்துக் காலத்தில் தற்காலிகமாக ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்ட அதிகாரம், ஆபத்து நீங்கிய பிறகும் அவர் கையிலேயே தங்கிவிடுவது சரித்திரத்தில் புதிதன்று. புதிது எதுவென்றால், இதே சிக்கலை உலகின் மற்றொரு மூலையில் கணிப்பொறிக்காரர்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்து, மென்பொருளாலேயே அதற்கு ஒரு பரிபாலன ஏற்பாட்டையும் செய்து முடித்திருந்தார்கள் என்பதும், அதை நாம் ஏறக்குறைய முழுவதும் மறந்துவிட்டோம் என்பதும்தான்.

பின்லாந்து தேசத்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினன் என்பவர் 1988 ஆகஸ்டு மாதத்தில் உருவாக்கிய இன்டர்நெட் ரிலே சாட் என்னும் அரட்டை முறை, ஐ.ஆர்.சி. என்ற சுருக்கப் பெயரால் உலகெங்கும் பரவிற்று. பல ஊர்களிலுள்ள சர்வர்கள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரே வலையாக நிற்கும். அந்த வலைக்குள் ‘சேனல்’ என்று பெயர்கொண்ட அறைகள் இருக்கும். எவரும் தமக்குப் பிடித்த ஒன்பது எழுத்துக்குள் அடங்கும் ஒரு புனைபெயரோடு உள்ளே புகலாம். அறைக்குள் முதலில் நுழைந்தவரே அதைப் படைத்தவர். கடைசி ஆள் வெளியேறியதும் அறையே மறைந்துவிடும். முதலில் வந்தவருக்கு ஆப்பரேட்டர் என்ற பதவி தானாகக் கிடைக்கும். 1993 மே மாதத்தில் வெளியான விதிமுறை ஆவணம் அவரை அந்த அறையின் உடைமையாளராகவே கருதச் சொல்லிற்று. நமது இன்றைய அட்மினின் பூர்வீகம் இதுவே. நம் ஊரில் 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகாம் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது வசதியுள்ள சிலரும், பின்னர்த் தெருவுக்கொன்றாக பிரௌசிங் சென்டர்கள் தோன்றியபோது கல்லூரிப் பிள்ளைகள் பலரும் இந்த அறைகளில் நுழைந்து பார்த்தவர்கள்தாம். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, முன்பின் அறியாதவரோடு ஆங்கில எழுத்தில் தமிழ் பேசி மகிழ்ந்த அந்தத் தலைமுறைக்கு இப்போது நரை கண்டிருக்கும்.

அந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சர்வர்களுக்கு இடையிலான இணைப்பு சில நிமிடங்கள் அறுந்தாலும் வலை இரண்டாகப் பிளக்கும். பிளவின் ஒரு பக்கத்தில் அந்த அறையைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லாத சமயம் பார்த்து ஒரு விஷமி நுழைந்தால், அந்தப் பக்கத்தில் அவனே முதல்வன், அவனே ஆப்பரேட்டர். வலை மறுபடி ஒன்றுசேரும்போது அவன் தன் அதிகாரத்தோடு உள்ளே வந்து, உண்மையான நிர்வாகிகளை ஒரு கணத்தில் பதவியிறக்கி வெளியே தள்ளிவிடுவான். பல மாதங்கள் சிரமப்பட்டு ஒரு கூட்டத்தைச் சேர்த்து வளர்த்தவர்கள், ஓர் இரவில் தங்கள் அறையை அந்நியனிடம் பறிகொடுத்து நிற்பார்கள். புனைபெயருக்கும் அதே கதி. ஒருவர் இல்லாத வேளையில் அவர் பெயரைச் சூடிக்கொண்டு இன்னொருவர் பேசினால் தடுப்பாரில்லை. வருகையின் முந்துரிமையை மட்டும் நம்பிய அரசியல் இப்படித்தான் முடியும்.

1994-இல் தோன்றிய டால்நெட் என்னும் அரட்டை வலை இதற்குக் கண்ட பரிகாரம்தான் ‘சர்வீசஸ்’ என்று வழங்கும் மென்பொருள் ஏவலர்கள். நிக்செர்வ் என்பது பெயர்களின் பதிவாளர். ஒரு புனைபெயரைக் கடவுச்சொல்லோடு பதிவு செய்துகொண்டால், வேறொருவர் அதை எடுத்துக்கொள்ள முயலும்போது அது அவரை அகற்றும். சான்செர்வ் என்பது அறைகளின் பதிவாளர்; அறையைத் தோற்றுவித்தவர் யார், அவருக்கு அடுத்த நிலையில் அதிகாரம் பெற்றவர்கள் யார் யார், அவர்களுக்குக் கீழே பேச மட்டும் சலுகை பெற்றவர்கள் எவர் என்ற பட்டியலைத் தன் ஏட்டில் வைத்திருக்கும். தர்மகர்த்தா மாறினாலும் கோயில் சாவி கோயிலுக்கே உரியதாக இருப்பதுபோல, அறையில் மனிதர் எவரும் இல்லாத நள்ளிரவிலும் அதிகாரப் பட்டியல் அறையோடு நிற்கும். உரியவர் திரும்பி வந்து தம்மை நிரூபித்தவுடன் அவருக்குரியது அவரிடம் ஒப்படைக்கப்படும். தோற்றுவித்தவர் தமக்குப் பின் வாரிசு இன்னார் என்று முன்கூட்டியே குறித்துவைக்க இத்தகைய மென்பொருள்கள் பிற்பாடு வழி செய்தன. நெடுநாள் வராதவருடைய பதிவு காலாவதியாகும். ஒருவருக்கு விதிக்கும் தடைக்குக் காரணத்தை எழுதிவைக்கலாம். இத்தனை நாளைக்கு என்று கெடுவும் வைக்கலாம். அனோப், அதீம் என்ற பெயர்களில் இதே பணியைச் செய்யும் மென்பொருள்களை எவரும் இலவசமாகப் பெற்றுத் தம் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம்.

எல்லாரும் இதை வரவேற்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஈ.எஃப்.நெட் என்னும் மூத்த வலை, பதிவாளர் வேண்டாம், அறை எவருக்கும் சொந்தமன்று என்ற கொள்கையிலேயே இன்றுவரை நிற்கிறது. அது ஒரு தத்துவம். அதற்குரிய கம்பீரமும் அதற்கு உண்டு. ஆனால் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற தெருவுக்குத் தத்துவ கம்பீரம் போதாது.

இப்போது வாட்ஸ்அப்பின் பக்கம் திரும்பிப் பாருங்கள். குழுவைத் தோற்றுவித்தவர் தாமாக விலகினாலொழிய மற்ற அட்மின்கள் அவரை நீக்க முடியாது. ஒரே அட்மினாக இருப்பவர் கோபித்துக்கொண்டு வெளியேறினால், மென்பொருள் உறுப்பினருள் யாரோ ஒருவரைக் குருட்டாம்போக்காகத் தேர்ந்தெடுத்து அந்தப் பதவியில் உட்கார வைக்கிறது. குடவோலை முறையில்கூட, ஓலையில் யார் பெயரை எழுதலாம் என்பதற்குத் தகுதிகளை உத்திரமேரூர்க் கல்வெட்டு வகுத்திருந்தது. இங்கே அதுவும் இல்லை. அதிகாரம் ஒரு தொலைபேசி எண்ணோடு ஒட்டியிருக்கிறது; எண்ணுக்குரியவர் காலமாகிவிட்டால் அதிகாரமும் அந்த எண்ணோடு செயலற்றுக் கிடக்கும். கைவிடப்பட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் 90 நாள்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கலாம் என்பது நம் நாட்டு நடைமுறை. சங்கத்தின் செயலாளர் மாறிய பிறகும் பழைய செயலாளரே அட்மினாயிருந்து, புதியவர் தம் அறிவிப்பை வெளியிட முந்தியவரின் தயவை நாடி நிற்கும் காட்சியை எங்கள் வட்டாரத்திலேயே நான் பார்த்திருக்கிறேன். வாகனம் நிறுத்தும் தகராறு ஒன்றில் எதிர்த்துப் பேசிய குடும்பத்தை இரவோடிரவாகக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, மறுநாள் தண்ணீர் வெட்டு அறிவிப்பும் அவர்களுக்குப் போகாமற்செய்த பராக்கிரமத்தையும் பார்த்திருக்கிறேன். நீக்கியவர் கெட்டவரல்லர். அவரை யோசிக்க வைக்கும் விதி ஒன்றும் அங்கே இல்லை; அவ்வளவுதான்.

இவ்வளவு தளர்ந்த ஒரு பதவிக்குச் சட்டம் பாரமான பொறுப்பை ஏற்ற முயன்ற காலமும் ஒன்று உண்டு. 2017 ஏப்ரலில் வாரணாசி மாவட்ட அதிகாரிகள், குழுவில் பொய்ச் செய்தி பரவினால் அட்மின்மீதே வழக்குப் பதியப்படும் என்று ஆணையிட்டார்கள். மறு ஆண்டு மே மாதத்தில் நம் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூருக்கு அருகே, குலதெய்வத்தைத் தரிசிக்கச் சென்னையிலிருந்து போன ஒரு மூதாட்டி, பிள்ளை பிடிக்க வந்தவள் என்ற கைபேசி வதந்தியால் வெறிகொண்ட கூட்டத்தின் கையில் அடித்துக் கொல்லப்பட்டார். இத்தகைய கொடுமைகளுக்குப் பின்னர்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பலாகாது என்ற கட்டுப்பாட்டை வாட்ஸ்அப் விதித்தது. யாரையாவது பொறுப்பாக்க வேண்டும் என்ற ஆவேசம் காவல்துறைக்கு எழுந்ததை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நீதிமன்றங்கள் நிதானமாக யோசித்தன.

மகாராஷ்டிரத்தின் கோந்தியா மாவட்டத்தில், ஒரு குழுவில் ஓர் உறுப்பினர் ஒரு பெண்ணை இழிவாகப் பேச, அட்மின் அவரை நீக்கவுமில்லை, மன்னிப்புக் கேட்கச் சொல்லவுமில்லை என்பது வழக்கு. பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 2021 மார்ச் முதல் தேதி அதை ரத்து செய்தபோது கூறிய காரணம் கவனிக்கத்தக்கது: அட்மினுக்கு இருக்கும் அதிகாரம் சேர்ப்பதும் நீக்குவதும் மட்டுமே, ஒருவர் என்ன எழுதப்போகிறார் என்பதை முன்கூட்டி அறியவோ தடுக்கவோ திருத்தவோ அவருக்கு வழியில்லை, ஆகவே பொதுவான ஒரு தீய நோக்கத்தோடு இருவரும் சேர்ந்து செய்தாலன்றி, மற்றொருவர் சொல்லுக்கு அவர் குற்றவாளி ஆகார். அதே ஆண்டு டிசம்பரில், கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் அட்மினைப் பற்றிய வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் இந்தத் தீர்ப்பைப் பின்பற்றி, அட்மின் என்ற நிலைக்கு மேல் அவர் வேறொன்றும் செய்திராவிடில் இறுதி அறிக்கையில் அவர் பெயரைச் சேர்க்கலாகாது என்று காவல்துறைக்குச் சொன்னார். 2022 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றமும், அட்மினுக்கும் உறுப்பினருக்கும் இடையில் எஜமானன், ஊழியன் என்ற சம்பந்தமே இல்லை என்று காட்டி அதே முடிவுக்கு வந்தது.

மூன்று தீர்ப்புகளும் நியாயமானவை; அதிகாரம் எவ்வளவோ அவ்வளவே பொறுப்பு என்ற தராசில் நிறுத்தப்பட்டவை. ஆனால் தராசின் ஒரு தட்டு பின்னர் அசைந்துவிட்டது. 2022 ஆகஸ்டு இறுதியில், எந்த உறுப்பினரின் செய்தியையும் எல்லாருடைய கைபேசியிலிருந்தும் அழிக்கும் அதிகாரத்தை வாட்ஸ்அப் அட்மினுக்குக் கொடுத்தது. அதாவது, நாகபுரி அமர்வு இல்லை என்று சொன்ன அதிகாரங்களில் ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு கம்பெனியின் தீர்மானத்தால் உண்டாகிவிட்டது. அழிக்க முடிந்தும் அழிக்காமலிருந்தார் என்று நாளைக்கு ஒரு வழக்கு வந்தால், பழைய தர்க்கம் அப்படியே செல்லுமா? என் அபிப்பிராயத்தில், எண்ணற்ற செய்திகளை இலவசமாகக் கவனித்துக்கொண்டிருக்கும் ஓர் ஓய்வுபெற்ற மனிதரை அதற்காகக் கூண்டில் ஏற்றுவது அநீதியே. ஆயினும் அந்த அநீதியிலிருந்து அவரைக் காப்பது தீர்ப்பின் கருணையாக மட்டும் இருக்கலாகாது. யார், எப்போது, எந்த விதியின்படி, எதை அழித்தார் அல்லது அழிக்காமல் விட்டார் என்ற பதிவு அவரிடம் இருக்குமானால், அதுவே அவருக்கு முதல் சாட்சி.

பதிவாளர்களின் பெருமையைப் பாடும்போது அவர்களுடைய பலவீனத்தையும் மறைக்கலாகாது. சான்செர்வும் நிக்செர்வும் யாரோ ஒருவருடைய சர்வரில்தான் வாழ்கின்றன. ஏடு யார் கையிலோ, இறுதி அதிகாரமும் அவர் கையில்தான். கட்டற்ற மென்பொருள் உலகத்தார் பல்லாண்டுகள் கூடிப் பேசிய ஃப்ரீநோட் என்னும் வலை இதற்குப் பெரிய திருஷ்டாந்தம். உபுண்டு, விக்கிமீடியா போன்ற ஸ்தாபனங்களின் அறைகள் அங்கேதான் இருந்தன. 1998 முதல் இயங்கிவரும் நம் சென்னை லினக்ஸ் பயனர் குழுவைச் சேர்ந்தவர்களுக்கும் அது பழகிய திண்ணை. 2021 மே மாதத்தில் அந்த வலையின் உடைமை பற்றிய தகராறு முற்றி, அதை நடத்திவந்த தொண்டர்கள் ஏறக்குறைய எல்லாரும் விலகி, லிபெரா சாட் என்ற புதிய வலையை ஸ்வீடன் தேசத்தில் லாபநோக்கற்ற சங்கமாக அமைத்தார்கள். அறையின் தலைப்பில் லிபெராவின் பெயரைக் குறிப்பிட்ட குற்றத்துக்காக நூற்றுக்கணக்கான அறைகளைப் பழைய வலையின் புதிய நிர்வாகம் மே 26-ஆம் நாள் கைப்பற்றிக்கொண்டது. அடுத்த மாதமே பதிவேடு முழுவதையும் வெறுமையாக்கி, பெயர்களும் அறைகளும் அழிந்துபோகப் புதிய மென்பொருளுக்கு மாறிற்று. ஆனாலும் அந்தச் சமூகங்கள் அழியவில்லை. சில நாள்களுக்குள் லிபெராவில் மறுபடி கூடின. அதற்கு இரண்டு காரணங்கள். ஐ.ஆர்.சி.யின் விதிமுறை பொதுச்சொத்து. கதவு மாறினாலும் சாதனம் மாற வேண்டியதில்லை. மேலும், அறையின் பெயருக்கு உரிமை தனி நபருக்கன்று, ஸ்தாபனத்திற்கே என்று அங்கே ஒரு வழக்கம் வேரூன்றியிருந்தது; உபுண்டுவின் அறையை யார் திறந்தாலும், உபுண்டுவின் பிரதிநிதி வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

இந்த இரண்டாவது வழக்கத்தைத்தான் நான் நம் தெருக்களுக்கு வேண்டுகிறேன். அதைச் செயலிக்குள்ளேயே அமைத்துத் தரும் வாய்ப்பு நம் ஊர்க் கம்பெனி ஒன்றுக்கே இருக்கிறது. 2021 ஜனவரியில் சென்னையின் சோஹோ நிறுவனம் அரட்டை என்ற பெயரில் ஒரு செயலியை வெளியிட்டது. 2025 செப்டம்பரில் மூன்றே நாள்களில் அதில் நாள்தோறும் சேர்பவர்கள் 3,000-லிருந்து 3,50,000 ஆக உயர்ந்ததாக அதன் ஸ்தாபகர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். சுதேசி என்ற உணர்ச்சியால் வந்த கூட்டம் உணர்ச்சி அடங்கியதும் திரும்பிவிடும். ஒரு சங்கத்தின் பெயரால் குழுவைப் பதிவு செய்துகொள்ளவும், பதவி மாறும்போது அட்மின் அதிகாரமும் தானே மாறவும், நீக்கத்துக்குக் காரணமும் கெடுவும் குறிக்கவும், வாரிசை முன்கூட்டி நியமிக்கவும் வழி செய்து கொடுத்தால், அவர்கள் திரும்பிப் போகமாட்டார்கள். டால்நெட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் செய்துகாட்டியதை, ஆயிரக்கணக்கான பொறியாளர்களை வைத்திருக்கும் கம்பெனிகள் செய்ய முடியாதென்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கம்பெனிகள் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சங்கத்தின் பெயரில் ஒரு சிம் கார்டு வாங்கி, அந்த எண்ணைக் கொண்டே குழுவைத் தோற்றுவித்து, அந்தக் கைபேசியைச் செயலாளர் பொறுப்பில் வைத்து, பதவி மாறும் நாளில் கணக்குப் புத்தகங்களோடு அதையும் ஒப்படைக்கலாம். தலைவரும் பொருளாளரும் உடன் அட்மின்களாக இருக்கட்டும். ஒருவரை நீக்குவதானால் இருவர் சம்மதம் வேண்டும். காரணத்தை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் அவரை மறுபடி சேர்த்தாக வேண்டும். தண்ணீர், மின்சாரம், வெள்ளம் ஆகியவை பற்றிய அறிவிப்புக் குழுவிலிருந்து குடியிருப்பவர் எவரையும், அவர் எவ்வளவு சண்டைக்காரராயினும், நீக்கலாகாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் கூடும் பொதுக்குழுவிலேயே இதை ஒரு தீர்மானமாக நிறைவேற்றுமாறு ஈக்காட்டுத்தாங்கலின் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.